எவரெஸ்ட் மெம்பருக்குச் சில யோசனைகள்

எவரெஸ்ட்டில் ஏற வேண்டுமென்றால் மலையேறத் தெரிந்திருக்க வேண்டும் என்றொரு மூடநம்பிக்கை 1985 வரை இருந்தது. அந்த ஆண்டு டிக் பாஸ் என்ற டெக்சாஸ் பணக்காரர், 55 வயதில், டேவிட் பிரீஷியர்ஸ் என்ற தேர்ந்த மலையேறியின் துணையோடு உச்சிக்குப் போய்விட்டுப் பத்திரமாக இறங்கி வந்தார். பாஸ் ஒன்றும் மலைக்குப் புதியவர் இல்லை; மற்ற கண்டங்களின் உயர்ந்த சிகரங்களில் எல்லாம் அதற்கு முன்பே ஏறியிருந்தார். ஆனால் கேள்விப்பட்டவர்களின் காதில் விழுந்தது வயதும் பணமும்தான். பத்து வருடத்துக்குள் தொழில் சூடுபிடித்துவிட்டது. இன்று உங்களிடம் இரண்டு முழங்காலும் ஒரு வங்கிக் கணக்கும் இருந்தால் போதும், உங்களை மேலே கொண்டுபோக காத்மாண்டுவில் ஆள் இருக்கிறார்கள். முழங்கால் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் சமாளிக்கலாம்.

முதலில் பணம். நேபாளப் பக்கமாக வசந்த காலத்தில் ஏற அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய அனுமதிக் கட்டணம் 2025 செப்டம்பரில் 11,000 டாலரிலிருந்து 15,000 டாலராக ஏறியது. நம் கணக்கில் சுமார் 13 லட்சம் ரூபாய். இது மலையைத் தொடுவதற்கு மட்டும். சாப்பாடு, கூடாரம், கயிறு, ஆக்சிஜன், ஷெர்ப்பா எல்லாம் சேர்த்து நிறுவனங்கள் 40,000 டாலர் வாக்கில் தொடங்கி ஒரு லட்சம் டாலரைத் தாண்டியும் கேட்கின்றன. விலை ஏன் இப்படி வேறுபடுகிறது என்று விசாரித்தால், ஒருவருக்கு எத்தனை சிலிண்டர், எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, முகாமில் மருத்துவர் உண்டா, சுமை தூக்குபவருக்கு என்ன சம்பளம் என்ற விவரங்கள் வெளியே வரும். ஆகவே விசாரிக்காதீர்கள். தள்ளுபடி கிடைத்த மகிழ்ச்சியைக் கெடுத்துக்கொள்ள எவ்வளவோ வேறு வழிகள் இருக்கின்றன.

நல்ல நிறுவனம் இதற்கு முன் என்ன ஏறியிருக்கிறீர்கள் என்று கேட்கும். ஆறாயிரம், ஏழாயிரம் மீட்டர் சிகரங்களை எதிர்பார்ப்பார்கள். வெள்ளியங்கிரி ஏழாவது மலையையும், மாலை போட்டுப் பெருவழியில் சபரிமலை போனதையும் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிப் பாருங்கள். மறுத்தால் கவலை வேண்டாம். கேட்காத நிறுவனமும் உண்டு, அது இன்னும் மலிவாகவே இருக்கும்.

டார்ஜிலிங்கில் 1954 முதல் மலையேற்றப் பயிற்சிக் கழகம் ஒன்று நடக்கிறது. களப் பயிற்சிக்கு முதல் இயக்குநராக இருந்தவர் டென்சிங் நார்கே. உத்தரகாசியிலும் ஒரு கழகம் உண்டு. இந்த இடங்களில் நான்கு வாரத்தில் கயிறு கட்டவும், பனிக்கோடரி பிடிக்கவும், விழுந்தால் சறுக்கலை நிறுத்தவும் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். செலவும் சொற்பம். எவரெஸ்ட் போகிற ஆள் இந்த அற்ப வேலையில் எல்லாம் இறங்கலாமா? கிராம்பான் என்ற முள் தகட்டை பூட்ஸில் மாட்டுவது எப்படி என்று பேஸ் கேம்ப்பில் வைத்து ஷெர்ப்பாவே சொல்லித்தருவார். அவர் முகத்தில் அப்போது ஒரு கலவரம் தெரியும். அதை நட்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சொல்லும் விதம்

அம்மா ஒரே கேள்விதான் கேட்பார்: "அங்க என்னடா இருக்கு, கோயிலா?" இதற்கு உணர்ச்சிவசப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது. வரலாற்றைச் சொல்லுங்கள். 1802-இல் சென்னையில் பரங்கிமலைக்குப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி இரும்புச் சங்கிலியை நீட்டி நிலத்தை அளக்கத் தொடங்கினார். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே போன அந்த அளவைதான் அரை நூற்றாண்டு கழித்து இமயமலையில் போய் முட்டியது. ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி கணக்குப் போட்டு, 15-ஆம் எண் சிகரம்தான் எல்லாவற்றிலும் உயரம் என்று கண்டார். 1856-இல் வெளியிட்ட உயரம் 29,002 அடி. 2020-இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர், அதாவது 29,032 அடி. சமவெளியில் நின்று கருவியால் பார்த்துப் போட்ட கணக்கில் முப்பது அடிதான் வித்தியாசம். "பரங்கிமலையில ஆரம்பிச்ச வேலைம்மா, யாராவது முடிக்கணும்ல?" என்று கேளுங்கள். அம்மா குழம்பி அப்பாவைக் கூப்பிடுவார். அந்த இடைவெளியில் முன்பணம் கட்டிவிடலாம்.

நம்மவர்கள் யாராவது போயிருக்கிறார்களா என்று மாமா கேட்பார். தாராளமாக. மலேசியாவிலிருந்து முதன்முதலில் எவரெஸ்ட் ஏறிய இருவரும், 1997 மே 23-இல் ஏறிய மகேந்திரனும் மோகனதாஸும், தமிழர்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் முதலில் ஏறியவர் முத்தமிழ்ச்செல்வி, 2023-இல். இவர்களெல்லாம் முறையாகப் பயிற்சி எடுத்தார்கள் என்பதை மாமாவிடம் சொல்ல வேண்டியதில்லை.

மனைவி எதுவும் கேட்க மாட்டார். இன்சூரன்ஸ் பத்திரத்தை எடுத்து, மலையேற்றத்தில் போனால் பணம் வருமா என்று சின்ன எழுத்துகளைப் படித்துக்கொண்டிருப்பார். தொந்தரவு செய்யாதீர்கள்.

போகும் வழி

ஏப்ரல் தொடக்கத்தில் போய் மே கடைசியில் திரும்ப வேண்டும். காத்மாண்டுவிலிருந்து லுக்லாவுக்குச் சின்ன விமானம். கூட்டம் மிகுந்த பருவத்தில் அது காத்மாண்டுவிலிருந்தே கிளம்பாது. நள்ளிரவு தாண்டியதும் உங்களை வேனில் ஏற்றி, மலைப்பாதையில் நான்கைந்து மணி நேரம் உலுக்கி, ராமேச்சாப் என்ற ஊரில் இறக்கி, அங்கிருந்து பறக்க வைப்பார்கள். லுக்லாவின் ஓடுபாதை 527 மீட்டர். ஒரு முனையில் பள்ளத்தாக்கு, மறு முனையில் மதில். நடுவில் ஏற்றம், மேடுதான் பாதி பிரேக். ஒருமுறை இறங்க ஆரம்பித்தால் மறுபடி எழும்பிச் சுற்றிவர இடமில்லை. ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை போடுங்கள், பிறகு கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு நடை. நாம்சே பஜாரில் பேக்கரி உண்டு. தெங்போச்சேயில் மடாலயம் உண்டு. எங்கும் தால் பாத் கிடைக்கும். சோறும் பருப்பும் காய்கறியும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். நம் நாக்குக்கு இது வரம். காரம் போதாது என்பதற்காக ஊறுகாய் பாட்டில் கொண்டுபோகிறவர்கள் மூடியை இறுக்கிக் கட்டிக்கொள்ளவும், உயரம் ஏற ஏற உள்ளே இருக்கும் காற்று வெளியே வரப் பார்க்கும்.

லோபுச்சேக்கு முன்னால் துக்லா என்ற கணவாயில் வரிசையாகக் கற்குவியல்கள் தெரியும். பிரார்த்தனைக் கொடிகள் படபடக்கும். மலையிலிருந்து திரும்பாதவர்களுக்கான நினைவுச் சின்னங்கள் அவை. பெயர்ப் பலகைகளைப் படிக்க நின்றால் உற்சாகம் குறையும் என்பது அனுபவசாலிகளின் கருத்து. பெரும்பாலானோர் அங்கே மூச்சு வாங்கத்தான் நிற்கிறார்கள்.

பேஸ் கேம்ப் 5,364 மீட்டர். கடல் மட்டத்தில் கிடைப்பதில் பாதி அளவு ஆக்சிஜன்தான் அங்கே. தண்ணீர் எண்பது டிகிரி தாண்டியதும் கொதித்துவிடும், குக்கர் இல்லாவிட்டால் பருப்பு வேகாது. கூடவே வைஃபை, சூடேற்றிய சாப்பாட்டுக் கூடாரம், பணம் கூடின நிறுவனத்தில் எஸ்பிரெஸோ எந்திரம். இரவில் பக்கத்துக் கூடாரத்துக்காரர் பத்து விநாடி மூச்சையே விடமாட்டார், பிறகு திடீரென்று பெரிதாக இழுப்பார். பயப்படாதீர்கள். உயரத்தில் எல்லோருக்கும் தூக்கத்தில் மூச்சு அப்படித்தான் விட்டுவிட்டு ஓடும், உங்களுக்கும் ஓடும். வறண்ட குளிர்காற்றில் கும்பு இருமல் என்ற ஒன்று வரும். விலா எலும்பு விரிசல் விடும்படி இருமியவர்கள் உண்டு. 2024 முதல் ஒரு விதி: மேல் முகாம்களில் கழிக்கும் மலத்தைப் பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும். உயிருள்ளவரை நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளக் கூடிய சாகசம் இது. ஆனால் யாரும் சொல்வதில்லை.

ஏறுவதற்கு முன் லாமா வந்து பூஜை செய்வார். ஜூனிப்பர் இலை புகையும், கன்னத்தில் மாவு பூசுவார்கள், கோடரியையும் கிராம்பானையும் கல்மேடையில் சாய்த்து வைத்து மலையிடம் அனுமதி கேட்பார்கள். ஆயுத பூஜை பார்த்து வளர்ந்த நமக்கு இதில் விளக்கம் தேவைப்படாது. ஷெர்ப்பாக்கள் பலர் இது முடியாமல் மேலே கால் வைக்க மாட்டார்கள்.

மெம்பரும் மற்றவர்களும்

அங்கே உங்களுக்கு வைக்கும் பெயர் மெம்பர். உங்களோடு ஏறப்போகிறவரின் பெயர் அநேகமாகக் கிழமையாக இருக்கும். திங்களில் பிறந்தால் தாவா, புதனில் லக்பா, வெள்ளியில் பாசாங். ஒரே கூடாரத்தில் மூன்று பாசாங்குகள் இருக்கலாம். எந்தப் பாசாங் உங்கள் சிலிண்டரைச் சுமக்கிறார் என்பதையாவது தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

பேஸ் கேம்ப்புக்கு மேலே கும்பு பனியருவி. நகரும் பனியாறு விளிம்பில் உடைந்து, வீடு உயரத் துண்டுகளாகச் சரிந்துகொண்டே இருக்கும் இடம். ஒவ்வொரு பருவத்திலும் நீங்கள் வருவதற்கு முன்பே உள்ளூர் ஷெர்ப்பாக்கள் சிலர் போய்ப் பிளவுகளின் மேல் அலுமினிய ஏணியைப் போட்டு, கயிறு கட்டி வழி அமைக்கிறார்கள். ஐஸ்ஃபால் டாக்டர்கள் என்று பெயர். வழி நகர்ந்துவிடும், ஏணி முறுக்கிக்கொள்ளும், மறுபடி போய்ச் சரிசெய்வார்கள். வெயில் பட்டால் பனி இளகும் என்பதால் இருட்டிலேயே கடக்க வேண்டும்.

உடம்பு உயரத்துக்குப் பழக நீங்கள் அதை ஒரு சில தடவை கடப்பீர்கள். சில நிறுவனங்கள் அதையும் குறைக்க, பக்கத்தில் ஒரு சின்னச் சிகரத்தில் உங்களைப் பழக்கிவிட்டு நேரே கொண்டுபோகின்றன. 2025 மே மாதம் நான்கு பிரிட்டிஷ்காரர்கள் வீட்டில் குறைந்த ஆக்சிஜன் கூடாரத்தில் படுத்துப் பழகி, செனான் வாயுவையும் முகர்ந்துவிட்டு, லண்டனிலிருந்து கிளம்பிய ஒரு வாரத்துக்குள் உச்சியில் நின்றார்கள். லீவு கிடைக்காத ஐடி ஊழியர்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் உங்கள் கூடாரம், அடுப்பு, கேஸ், நூடுல்ஸ், தலையணை, ஆக்சிஜன் இவையெல்லாம் செனான் முகர்ந்து மேலே போவதில்லை. அவற்றைச் சுமந்தபடி அதே பனியருவியை மீண்டும் மீண்டும் கடப்பவர் தாவாவோ பாசாங்கோதான். 2014 ஏப்ரல் 18 காலை அங்கே பனிப்பாறை சரிந்தபோது செத்தவர்கள் 16 பேர். பதினாறு பேரும் நேபாளத் தொழிலாளிகள். அதில் ஒரு மெம்பர்கூட இல்லை. இறந்தவர் ஒருவரின் குடும்பத்துக்கு அரசு உடனடியாக அறிவித்த உதவி 40,000 நேபாள ரூபாய், அன்றைய மதிப்பில் நானூறு டாலர். ஒரு மெம்பரின் அனுமதிக் கட்டணமே அப்போது பத்தாயிரம் டாலருக்குக் குறையாது. ஷெர்ப்பாக்கள் கொதித்துப்போய் வேலைக்கு வர மறுத்தார்கள், அந்தப் பருவம் நேபாளப் பக்கத்தில் அநேகமாக அதோடு முடிந்தது. காசு கட்டிக் காத்திருந்த மெம்பர்களில் சிலருக்கு இதில் வருத்தம். எதற்கு வருத்தம் என்பதை விசாரித்தால் அவர்களே கொஞ்சம் சங்கடப்படுவார்கள்.

இந்தக் கணக்கு புதியதல்ல. 1953 மே 29-இல் முதன்முதலில் உச்சியில் நின்ற இருவரில் டென்சிங் 1935-இலேயே அந்த மலைக்குச் சுமைகூலியாக வந்தவர். இன்னொருவரான ஹிலாரிக்கும் குழுத் தலைவர் ஜான் ஹன்ட்டுக்கும் 'சர்' பட்டம் கிடைத்தது. டென்சிங்குக்கு ஒரு பதக்கம்.

உச்சி நாள்

மே நடுவில் உச்சியை அறைந்துகொண்டிருக்கும் உயர்காற்று சில நாள் வடக்கே விலகும். எல்லா நிறுவனமும் ஒரே வானிலை அறிக்கையைத்தான் பார்க்கிறது. அதனால் எல்லோரும் ஒரே இரவில் கிளம்புவார்கள். சுமார் 7,900 மீட்டரில் இருக்கும் சவுத் கோல் முகாமிலிருந்து இருட்டியதும் புறப்பாடு. அதுவரை என்னென்ன முகாம்கள், எந்தச் சரிவு என்பதெல்லாம் உங்களுக்கு ஞாபகமிருக்கப் போவதில்லை, நான் எழுதியும் பயனில்லை. முகமூடியில் உங்கள் மூச்சுச் சத்தம், முன்னால் போகிறவரின் பூட்ஸ். அவ்வளவுதான்.

கயிறு ஒன்றுதான். அதில் கொக்கியை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். முன்னே ஒருவர் களைத்து நின்றால் பின்னே நூறு பேர் நிற்பார்கள், நிற்கும்போதும் சிலிண்டர் தீர்ந்துகொண்டிருக்கும். 2019 மே 22-இல் நிர்மல் புர்ஜா என்ற மலையேறி எடுத்த புகைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: உச்சிக்கு அருகே கத்திமுனை விளிம்பில் வண்ண வண்ண உடைகளின் நீளமான வரிசை. அந்தப் பருவத்தில் நேபாளம் கொடுத்த அனுமதி 381. நான்கு ஆண்டு கழித்து, பாடம் படித்துக்கொண்டு, 478 கொடுத்தார்கள்.

கால் வராவிட்டால் ஷெர்ப்பா தன் இடுப்புக் கயிற்றை உங்களோடு குட்டையாகப் பிணைத்து, சந்தைக்குப் போகும் ஆட்டைப்போல இழுத்துப்போவார். இதில் வெட்கப்பட எதுவுமில்லை, மேலே வந்தபின் கயிறு படத்தில் விழாதபடி பார்த்துக்கொண்டால் போதும்.

இப்போது முக்கியமான யோசனை. கிளம்பும் முன் வழிகாட்டி ஒரு நேரம் சொல்வார், பிற்பகல் இரண்டு மணி மாதிரி. உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் அந்த நேரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். எல்லோரும் தலையாட்டுவார்கள். நீங்களும் ஆட்டுங்கள். பிறகு மறந்துவிடுங்கள். இத்தனை லட்சம் கட்டியவரைத் திருப்பி அனுப்ப யாருக்கு மனம் வரும்?

1995-இல் ராப் ஹால் என்ற நியூசிலாந்து வழிகாட்டிக்கு வந்தது. கடிகாரத்தைப் பார்த்து, உச்சிக்குச் சற்று கீழிருந்து தன் ஆட்களைத் திருப்பிக் கூட்டிவந்தார். அவர்களில் ஒருவர் அமெரிக்க அஞ்சல் ஊழியர். மறு ஆண்டு கட்டணத்தைக் குறைத்துக்கொள்கிறேன், வாருங்கள் என்று ஹாலே அவரைக் கூப்பிட்டார். 1996 மே 10-இல் அந்த அஞ்சல் ஊழியர் உச்சியைத் தொட்டபோது மணி நான்கைத் தாண்டியிருந்தது. ஹால் அவருக்காகக் காத்திருந்தார். முந்தின ஆண்டு திருப்பி அனுப்பிய மனிதரை இரண்டாம் முறை எப்படி அனுப்புவது? புயல் வந்தது. இருவரும் திரும்பவில்லை. அந்தப் புயலில் மொத்தம் எட்டுப் பேர் இறந்தார்கள்.

அதே நாள் ஹாலின் குழுவில் மூன்று மெம்பர்கள் வரிசை நகராததைப் பார்த்து, முற்பகலிலேயே, வானம் தெளிவாக இருக்கும்போதே திரும்பினார்கள். கட்டிய பணம் போனது, உயிர் மிஞ்சியது. அந்த மூவரின் பெயரையும் சொல்ல நூற்றில் ஒருவர் கிடைப்பது கஷ்டம். ஆகவே புகழ் வேண்டும் என்பவர் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவு.

ஷெர்ப்பா சொன்னால் திரும்புவீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தால், அதுவும் அவ்வளவு எளிதல்ல. மெம்பர் உச்சி தொட்டால் ஷெர்ப்பாவுக்கு உச்சி போனஸ், தொடாவிட்டால் அது பெரும்பாலும் இல்லை. வேண்டாம் சார், இறங்கலாம் என்று அவர் சொல்கிறார் என்றால் தன் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை விட்டுக்கொடுத்துச் சொல்கிறார் என்று அர்த்தம்.

உச்சியில் கால்மணி நேரம் கிடைக்கும். பாபு சிரி ஷெர்ப்பா 1999-இல் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் அங்கே 21 மணி நேரம் இருந்தார். உங்களுக்கு அந்த அவசியம் இல்லை. முகமூடியைக் கழற்றி முகம் தெரியும்படி படம் எடுக்க வேண்டும், சான்றிதழுக்கு அதுதான் ஆதாரம். படத்தைக் கணினியில் செய்துகொள்ளலாமே என்ற யோசனை உங்களுக்கு மட்டும் தோன்றியதல்ல. பூனாவைச் சேர்ந்த காவல்துறைத் தம்பதி 2016-இல் செய்து பார்த்து, பத்தாண்டு நேபாள மலைகளில் ஏறத் தடை வாங்கினார்கள். முன்பெல்லாம் இன்னும் கடினம். எலிசபெத் ஹாலி என்ற அம்மையார் தன் நீல நிற ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் காத்மாண்டு ஹோட்டல்களுக்கே வந்து, இறங்கியவர்களைக் குறுக்குக் கேள்வி கேட்டுப் பதிவேட்டில் எழுதுவார். தான் ஒரு சிகரமும் ஏறாதவர். அவரிடம் புளுகுவதைவிட ஏறிவிடுவது சுலபம் என்றிருந்தது. 2018-இல் காலமாகிவிட்டார்.

இறங்கும்போது கால் வலித்தால் இரண்டாம் முகாம் வரை ஹெலிகாப்டர் வரும். சின்னத் தலைவலிக்கும் வரும். தேவையில்லாத மீட்புகளைக் காட்டி இன்சூரன்ஸ் பணம் கறக்கும் மோசடியை நேபாள அரசே 2018-இல் விசாரித்தது. தலைவலியா இல்லையா என்று உங்களைவிட மற்றவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தால் கொஞ்சம் யோசிக்கவும்.

ஊர் திரும்பியதும் சென்னை விமான நிலையத்தில் மாலை, பிளெக்ஸ் போர்டு, பள்ளிகளில் தன்னம்பிக்கைச் சொற்பொழிவு. தலைப்பு எதுவானாலும் 'தனி ஒருவனாக' என்ற சொல் இருக்கட்டும். பதினைந்து நிமிடம் பேசி, கடைசியில் உச்சிப் படத்தைத் திரையில் போடுங்கள்: நீலவானம், கொடி, நீங்கள் மட்டும். முதல் வரிசையில் இருக்கும் ஐந்தாம் வகுப்புப் பெண் எழுந்து, "அங்கிள், இந்த போட்டோவ யாரு எடுத்தா?" என்று கேட்டால், நேரமாகிவிட்டது என்று சொல்லி மைக்கைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடவும்.